கஞ்சி காயும் நேரம்

அப்பாவிடம் சைக்கிள் இருந்தது. ஆனாலும் கடைக்கு நடந்துதான் போவார். மதுரை முனிச்சாலையில் எங்கள் வீடு. புதுமண்டபத்தில் ஒரு தூணடியில் அவருடைய தையல் மெஷின். கீழவாசல், விளக்குத்தூண், கீழமாசி வீதி, எழுகடல் தெரு என்று நிதானமாக நடந்தால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆகும். "பகல் பூரா மெஷின்ல உக்காரப் போறோம். இந்த நேரமாவது காலு நடக்கட்டும்" என்பார். 1980-களின் கோடை விடுமுறைகளில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். தம்பி அப்போது கைக்குழந்தை. நான் வீட்டில் இல்லாவிட்டால் அம்மா கொஞ்சம் மூச்சு விடலாம்.

அந்த வழியில் என்னென்ன பார்த்தாய் என்று கேட்டால் பாதிதான் சொல்வேன். என்னென்ன வாசம் வந்தது என்று கேட்டால் வீடு வீடாக, கடை கடையாகச் சொல்வேன். குழந்தையின் மூக்கு தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாக்கு மூட்டையின் பிரிந்த வாய், அடுப்பு, சாக்கடை, மாட்டின் வயிறு எல்லாமே அதன் உயரத்தில்தான். காலைக் காற்றும் ஒத்துழைக்கும். இரவெல்லாம் குளிர்ந்த தரையை ஒட்டிக் காற்று அசையாமல் கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடாகி, காற்று மேலே கிளம்பும் வரைக்கும் ஒரு வாசம் பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போகாது. அதனால் காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு கடைக்கும் ஓர் எல்லை இருந்தது. இந்தக் கல்லில் நின்றால் மிளகாய், அடுத்த கல்லுக்குப் போனால் வெல்லம். பத்து மணிக்கு மேல் எல்லாம் கலந்து, எதுவென்று பிரிக்க முடியாத டவுன் வாசமாகிவிடும்.

எங்கள் தெருவில் பாவு போடுவார்கள். முனிச்சாலைப் பக்கம் சௌராஷ்டிர நெசவாளர்கள் நிறைய. விடியும் முன்பே தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நூலை இழுத்துக் கட்டி, நடுநடுவே கவைக்கட்டை கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். ஆண்களும் பெண்களும் இரண்டு பக்கமும் நின்று அரிசிக் கஞ்சியைத் தடவி, நீளமான பிரஷால் ஒரே திசையில் நீவிக்கொண்டே போவார்கள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கக் கஞ்சியில் எண்ணெய் கலந்திருக்கும். கஞ்சியோ முந்தின நாள் காய்ச்சியது, லேசாகப் புளித்தது. ஈரத்தில் அதற்குப் பழைய சோற்றுப் பானையைத் திறந்த வாடை. காயக் காயப் புளிப்பு குறைந்து எண்ணெய் மேலே வரும். முழுக்கக் காய்ந்து நூல் விறைத்துவிட்டால், தேய்த்த வேட்டியை முகத்தில் வைத்துக்கொண்டதுபோல் சுத்தமான ஒரு மணம்.

அப்பா கைக்கடிகாரம் கட்டமாட்டார். துணியை நகர்த்தும்போது மெஷின் பலகையில் இடிக்கும் என்பார். அவருக்கு இந்தப் பாவுதான் கடிகாரம். வாசலில் இறங்கி ஒரு மூச்சு இழுப்பார். புளிப்பு அடித்தால் நேரம் இருக்கிறது, வழியில் பருத்திப்பால் உண்டு. எண்ணெய் வாசம் வந்துவிட்டால், "கஞ்சி காஞ்சிருச்சு தாயி, எட்டி நட" என்பார். பருத்திப்பால் கிடையாது. வெயில் நாளில் சீக்கிரம் காயுமே, மேகம் போட்டால் தாமதமாகுமே என்று நான் கேட்டதற்கு, "அதுக்கும் கணக்கு உண்டு, உனக்கும் வரும்" என்றார். வந்தது. அடுத்த கோடையில் நான் சொன்ன நேரமும் மாதா கோவில் மணியும் ஏறக்குறைய ஒத்துப்போயின.

தெரு முக்கில் சாயப்பட்டறை. சுங்குடிச் சேலைக்குப் பெண்கள் வீட்டிலிருந்தே பொடிப் பொடியாக முடிச்சுப் போட்டுத் தருவார்கள். சாயம் தோய்ப்பது இங்கே. சாயத் தொட்டியின் நெடி கண்ணைக் கரிக்கும், தொண்டையை அறுக்கும். வாய்க்காலில் ஒரு நாள் அரக்கு, ஒரு நாள் பச்சை ஓடும். தோய்க்கிறவரின் முழங்கை வரைக்கும் நிறம் ஏறி நகமெல்லாம் கறுத்திருக்கும். அந்த இடத்தில் நான் மூக்கைப் பொத்தினால் அப்பாவுக்குப் பிடிக்காது. கையை மெதுவாக எடுத்துவிடுவார். "அவரு நாள் பூரா இதுலதான் நிக்கிறாரு. நமக்கு நாலு எட்டு" என்பார். இதை அவர் கண்டிப்பாகச் சொன்னதில்லை. ஆனால் இன்றைக்கும் ஒருவர் வேலை செய்கிற இடத்தில் மூக்கைப் பொத்த என்னால் முடியாது.

கீழவாசலில் குதிரைவண்டிகள் நின்றன. ஈரப் புல்லும், குதிரைச் சாணமும், சேணத் தோலும் சேர்ந்த வாடை ஒரு பக்கம். பஸ்கள் கக்கும் டீசல் புகை இன்னொரு பக்கம். நடுவில் பருத்திப்பால் வண்டி. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலோடு வெல்லமும் சுக்கும் ஏலமும் போட்டுக் கொதிக்கவிட்டால், முதலில் வெல்லம், பிறகு சுக்கு, கடைசியில்தான் பருத்திக்கொட்டையின் பச்சை வாசம் மூக்குக்கு வரும். டம்ளரைக் கையில் வாங்கியதும் இந்த வரிசை தலைகீழாகும். அப்பா தன் டம்ளரைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் முகத்துக்கு நேரே பிடித்திருப்பார். தையல்காரர்களுக்கு நாள் முழுக்கத் துணித் தூசு மூக்கில் அடைக்கும். சுக்கின் ஆவி அதைத் திறந்துவிடும் என்று அவருக்கு நம்பிக்கை.

விளக்குத்தூணைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்தது அது வெள்ளைக்காரன் வைத்த விளக்கு என்பது மட்டும். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து ஊரை வெளியே திறந்துவிட்டார். அவர் நினைவாக வைத்த தூண் அது. அகழி கிடந்த இடங்கள் வெளி வீதிகளாயின. எனக்கு அந்த வயதில் விளக்குத்தூண் என்றால் பால் சுண்டுகிற வாசம். சாயங்காலம் ஜிகர்தண்டா விற்கக் காலையிலேயே பாலை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். அகலமான சட்டியில் ஓரமெல்லாம் ஆடை ஒட்டிப் பழுப்பேறும்போது வரும் அந்த வாசத்தைக் கடந்து போக எனக்கு மனசே வராது. அப்பா கையை இழுப்பார்.

அதற்குப் பிறகு கீழமாசி வீதி. என் பிள்ளைப்பருவத்தில் பாதி இந்த ஒரு வீதியில் இருக்கிறது.

மொத்த மளிகைக் கடைகள் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கும் நேரம். மூடிய கடைக்குள் இரவெல்லாம் தேங்கிய காற்று, முதல் பலகை விலகியதும் தெருவுக்கு வரும். முதலில் வருவது சரக்கின் வாசமில்லை, சாக்கின் வாசம். சணலை மிருதுவாக்க ஆலையில் எண்ணெய் தெளிப்பார்கள். அதன் மெல்லிய மண்ணெண்ணெய் வாடை புதுச் சாக்கில் கடைசி வரை போகாது. அதைத் தாண்டித்தான் உள்ளே இருப்பது தெரியும். கருப்பட்டிக் கடையில் புகை கலந்த இனிப்பு. புளிக் கடையில் புதுப் புளி பழமாக மணக்கும். கறுத்த பழைய புளிக்கு மணம் குறைவு, பார்த்தாலே நாக்கில் நீர் ஊறும். மஞ்சள் மூட்டையைப் புரட்டிய இடத்தில் மண்ணும் மருந்தும் கலந்த வாசம்.

மிளகாய் மண்டிக்கு முன்னால் யாரும் நிற்கமாட்டார்கள், அப்பாவைத் தவிர. சுமை தூக்குகிற அண்ணன்மார் தலைத்துண்டை அவிழ்த்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கையில் கொக்கியோடு மூட்டையைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் சாதாரணச் சூட்டில் ஆவியாகாது. தும்மவைப்பது, மூட்டை விழும்போது கிளம்பும் தூசு. மூட்டை கீழே விழும் தருணத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூசு அடங்கியதும் மெதுவாக இழுக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். அப்படி இழுத்தால் காரம் போய், வெயிலில் காய்ந்த பழத்தின் வாசம் வரும். முண்டு மிளகாயில் அது நன்றாகத் தெரியும். சம்பாவில் கொஞ்சம் புல் வாடை. ராமநாதபுரம் முண்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது, தாளைத் தாண்டி எனக்கு அந்த மண்டி வாசல் வந்தது.

பெருங்காயக் கடை ஒன்று இருந்தது. நாலைந்து பேர் உட்கார்ந்து கட்டியை உடைத்து எடை போடுவார்கள். ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் ஒரு செடியின் வேரைக் கீறி வடியவிட்ட பால் அது. இங்கே வந்து மாவும் கோந்தும் சேர்ந்து கட்டியாகிறது. கந்தகம் கலந்த அதன் பச்சை வாடை, பழக்கமில்லாதவரை ஓட வைக்கும். அதே கட்டியில் ஒரு துணுக்கு சூடான எண்ணெயில் விழுந்தால் தெருவே பசியெடுத்துப்போகும். பச்சை வாடைக்கும் பொரிந்த வாசத்துக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். சூடு பட்டதும் அந்தக் கந்தகச் சேர்மங்கள் மாறி, வெங்காயம் பூண்டு வதங்கும் மணத்துக்கு அருகில் வருகின்றன என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பெருங்காயக் கடைக்காரர்கள் வீட்டுக்குப் போய் எத்தனை முறை குளித்தாலும் வாசம் போகாதாம். கல்யாண வீடுகளில் அவர்கள் வந்திருப்பது திரும்பிப் பார்க்காமலே தெரியும் என்று அப்பா சொல்வார். அதில் கிண்டல் இருக்காது. அப்பாவுக்கு வாசம் என்றால் வேலை. ஒரு வாசம் வந்தால், நமக்கு முந்தி யாரோ எழுந்து எதையோ தொடங்கிவிட்டார் என்று அர்த்தம்.

எழுகடல் தெருவில் திரும்பினால் பித்தளைப் பாத்திரமும் புளி போட்டுத் துலக்கிய ஈரமும். அப்புறம் புதுமண்டபம்.

திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்கென்று கட்டிய மண்டபம். நாங்கள் அறிந்த மண்டபமோ முழுக்கக் கடைகள். பஞ்சாங்கமும் பெரிய எழுத்துப் புத்தகங்களும் ஒரு பக்கம். வளையல், பாத்திரம் ஒரு பக்கம். தையல் மெஷின்கள் தூண் தூணாக. அப்பாவின் மெஷினுக்குப் பின்னால் ஒரு யாளி. அதன் காலில் இஞ்ச் டேப் தொங்கும். காலையில் உள்ளே நுழைந்ததும் குளிர்ந்த கல்லின் வாசம் வரும். பல தலைமுறையாக விளக்கெண்ணெயும் புகையும் படிந்த கல் அது. கை வைத்தால் பிசுபிசுக்காது, ஆனால் மூக்கை வைத்தால் எண்ணெய் தெரியும். தரையில் தண்ணீர் தெளித்ததும் அந்த எண்ணெய் வாசத்துக்குள் மண் வாசம் எழும்பும். ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் ஊதுபத்தி. பிறகு மெஷின் எண்ணெய். பாபினைக் கழற்றி, ஷட்டிலில் சேர்ந்த பஞ்சுத் தூசை ஊதி, இரண்டு சொட்டு விட்டு, அப்பா பெடலை வெறுமனே நாலு சுற்று ஓட்டுவார். அந்தச் சத்தமும் எண்ணெய் சூடாகும் வாசமும் ஒரே நேரத்தில் வரும்.

கரி இஸ்திரிப்பெட்டிக்குத் தேங்காய்ச் சிரட்டை போட்டு விசிறுவது என் வேலை. சிரட்டை பிடிக்கும்வரை கண்ணெரிச்சல், பிடித்த பிறகு இனிப்பான சூடு. அடுத்து, நூல் கொளுத்துவது. யாராவது துணி கொண்டுவந்து "பருத்திதானே, டைலரே?" என்று கேட்டால், அப்பா ஓரத்திலிருந்து ஓர் இழை உருவி என்னிடம் கொடுப்பார். தீக்குச்சியில் காட்டிச் சட்டென்று அணைத்து முகர வேண்டும். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசம். சாம்பல் ஊதினால் பறந்துவிடும். பட்டு என்றால் முடி பொசுங்கிய வாடை. பாலியஸ்டர் என்றால் சுருங்கி உருகும். நுனியில் கெட்டியாக ஓர் உருண்டை கட்டும், ஒருவித இனிப்பு நெடி அடிக்கும். டெரிகாட்டன் என்றால் காகிதமும் இனிப்பும் சேர்ந்து வரும். அதில் எது தூக்கலாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். நான் சொல்லும் பதிலுக்காகப் பெரியவர்கள் காத்திருந்த இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

சித்திரை வந்துவிட்டால் புதுமண்டபத்தில் தலை நிமிர நேரமிருக்காது. அழகருக்கு வேண்டிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், திரி எடுத்து ஆடுகிறவர்கள், கருப்பசாமி வேடம் போடுகிறவர்கள் எல்லாருக்கும் உடுப்பும் குல்லாவும் இங்கேதான் தைத்து வாங்குவார்கள். சாட்டின், வெல்வெட், சரிகை எல்லாம் மலையாகக் குவியும். புது வெல்வெட்டுக்கு ரப்பரும் சாயமும் சேர்ந்த வாடை. மலிவுச் சரிகையைக் கையில் வைத்திருந்தால் விரலில் செம்புக் காசின் வாசம் ஒட்டும். அளவு கொடுக்க வருகிறவர்கள் மேலூர்ப் பக்கமிருந்தோ அலங்காநல்லூர்ப் பக்கமிருந்தோ பஸ்ஸில் வந்திருப்பார்கள். விரதம் இருப்பவர்கள் என்பதால் மேலே சந்தனமும் திருநீறும் மணக்கும், அதற்கடியில் வயல் வேர்வை. தண்ணீர் பீய்ச்சும் தோல் பையையும் சிலர் கையோடு கொண்டுவருவார்கள். ஊறவைத்த ஆட்டுத்தோலின் முடை வாடை அதில். அப்பா அவர்களிடம் மட்டும் அளவெடுக்கும் முன்பு கையைத் துண்டில் துடைத்துக்கொள்வார். திருவிழா முடிந்து அந்தச் சட்டைகளில் சில பிரித்துத் தைக்க மறு வருஷம் திரும்பி வரும். மடிப்புகளுக்குள் வைகைத் தண்ணீரும் வேர்வையும் காய்ந்த வாசம் அப்படியே இருக்கும். அப்பா அவற்றைத் துவைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியதே இல்லை.

வீடு திரும்பும் வழியில் எல்லாமே வேறு. காலையில் சரக்கு மணத்த கடைகள் பலகை போட்டிருக்கும்; பரோட்டாக் கல்லும் முட்டையும் சால்னாவும் வீதியை எடுத்துக்கொண்டிருக்கும். அப்பா அம்மாவுக்குப் பூ வாங்குவார். மல்லிகையை விடிவதற்கு முன்பே மொட்டாகப் பறித்துவிடுகிறார்கள். அந்தி சாயும்போதுதான் அது விரியத் தொடங்கும். வாங்கும்போது வாசமே இல்லாத சரம், விளக்குத்தூணைத் தாண்டும்போது லேசாகவும், வீட்டு வாசலுக்கு வரும்போது முழுசாகவும் மணக்கும். மதுரை மல்லிக்கு இதழ் தடிமன், வாடுவதற்கு நேரமாகும். அதில் இந்தோல் என்று ஒரு பொருள் உண்டு. அதை மட்டும் தனியாக, அதிகமாக முகர்ந்தால் அழுகல் வாடைதான் வரும்; அது கலந்திருப்பதால்தான் மல்லிகை வாசம் தலைக்குள் ஏறி நிற்கிறது. சாயப்பட்டறையும் பெருங்காயக் கடையும் கடந்து வந்த மூக்குக்கு இந்தச் செய்தி அதிசயமாகப் படவில்லை.

நான் இப்போது மேலவெளி வீதியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு அதே முனிச்சாலைப் பக்கம்தான். நடந்துதான் போகிறேன். தெருவில் பாவு இல்லை; எங்கள் தெருவில் கைத்தறிகள் நின்று, வீடுகள் மாடி வைத்து, நூல் இழுத்துக் கட்டிய இடத்தில் பைக்குகள் நிற்கின்றன. சாயப்பட்டறை போய்விட்டது. அது போனதற்காக நான் வருந்தவில்லை. அந்த வாய்க்காலையும் அந்த மனிதரின் நகங்களையும் மறக்கவில்லை. புதுமண்டபத்திலிருந்த கடைகளை அருகில் புதிதாகக் கட்டிய குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு அது நல்லது. யாளியின் காலில் இஞ்ச் டேப் தொங்கவிட நாயக்கர் அந்த மண்டபத்தைக் கட்டவில்லை. ஆனாலும், தூணைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள், அளந்து வரைந்து வைத்திருக்கிறார்கள். மெஷின் எண்ணெயும் சிரட்டைக் கரியும் காடாத் துணியும் கல்லும் சேர்ந்த அந்த வாசத்தை யாரும் எங்கும் எடுத்து வைக்கவில்லை. அதைச் சுவாசித்தவர்கள் எல்லாரும் போன பிறகு அது இருந்ததற்கு அடையாளமே இருக்காது. எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. கீழமாசி வீதி மட்டும் பிளாஸ்டிக் சாக்குகளுக்கு உள்ளிருந்தும் முடிந்த மட்டும் மணக்கிறது.

2021 கோடையில் அப்பாவுக்குக் கோவிட் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் தணிந்தது. வாசம் போய்விட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காலையில் அடுப்பில் பால் பொங்கி, கருகி, வீடெல்லாம் புகை. பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா ஓடிவந்து அடுப்பை அணைத்தார். அன்றைக்குத்தான் அப்பா சொன்னார்: "மூக்கு செத்துப் போச்சு தாயி."

மூக்கின் உச்சியில் இருக்கும் நரம்பு செல்களைக் கிருமி நேராகத் தாக்குவதில்லை. அவற்றைத் தாங்கிப் பேணும் துணைச் செல்களைத்தான் அழிக்கிறது. பலருக்கு அவை சில வாரங்களில் மீண்டுவிடும். சிலருக்கு மாதக்கணக்காகும். மீளும்போதும் ஒழுங்காக வராது. அப்பாவுக்குக் காபி சாக்கடையாக நாறியது. வாழ்நாள் முழுக்கக் காபி குடித்தவர், டம்ளர் பக்கத்தில் வந்தாலே எழுந்து வெளியே போனார். உணவு குறைந்தது, பேச்சு அதைவிடக் குறைந்தது. மற்றப் புலன்களின் செய்தி தலாமஸ் வழியாகச் சுற்றிப் போகும்போது, மூக்கின் செய்தி மட்டும் நினைவும் உணர்ச்சியும் இருக்கும் பகுதிகளுக்குக் கிட்டத்தட்ட நேராகப் போகிறது. அந்த வழி அடைத்துக்கொண்டால் ஒரு மனிதருக்குச் சோற்று ருசி மட்டும் போவதில்லை என்பதை அந்த மாதங்களில் வீட்டிலேயே பார்த்தேன்.

டாக்டர் வாசனைப் பயிற்சி என்று ஒன்று சொன்னார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் என்ற மருத்துவரின் குழு 2009-இல் வெளியிட்ட முறை: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் காலையும் மாலையும் சில விநாடி முகர வேண்டும், வாரக்கணக்கில் விடாமல். அப்பா முதல் பாட்டிலை முகர்ந்துவிட்டு, "இது எதுவும் எனக்குத் தெரிஞ்ச வாசமில்லையே" என்றார். கிராம்பையும் எலுமிச்சையையும் வைத்துக்கொண்டோம். மற்றதற்கு நான் வேலைக்குப் போகும் வழியில் ஒவ்வொன்றாக வாங்கினேன். கட்டிப் பெருங்காயம். மெஷின் எண்ணெய் ஒரு சின்னக் குப்பி. முண்டு மிளகாய், விதை எடுத்தது. சுக்கு. கஞ்சி போகாத காடாத் துணி கால் மீட்டர். பழைய சணல் சாக்கு ஒன்றை ஒரு மண்டிக்காரர் காசு வாங்காமல் கிழித்துக் கொடுத்தார். மூடி போட்ட டப்பாக்களில் வைத்துத் தினமும் அவர் முன்னால் வரிசையாகத் திறப்பேன். என்னவென்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவர் அதை நினைத்துக்கொண்டே முகர வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவர் கடைகளைச் சொன்னார். இன்ன மண்டி, அதற்கடுத்துக் கருப்பட்டிக் கடை, அங்கே கணக்கு எழுதியவர், அவர் மகன் கல்யாணத்துக்குத் தைத்த சட்டை. வாசம் வராவிட்டாலும் பேச்சு வந்தது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

முதலில் திரும்பி வந்தது பெருங்காயம். அடுத்து மெஷின் எண்ணெய். மல்லிகை இன்னும் வரவில்லை. அம்மா வைத்திருக்கும் பூவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். காபி பரவாயில்லை என்கிறார். பாதி டம்ளர் குடிக்கிறார்.

போன மாதம் என் மகனுக்குச் சட்டை தைக்கத் துணி வாங்கி வந்தேன். முழுப் பருத்தி என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்பா மடியில் வாங்கிப் பிரித்தார், ஓரத்திலிருந்து ஓர் இழை உருவினார், தீப்பெட்டி கேட்டார். கொளுத்தி, அணைத்து, மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நுனியை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார்.

"பாதிக்கு மேல பாலியஸ்டர் தாயி."

"வாசத்துல தெரிஞ்சதா, விரல்ல தெரிஞ்சதாப்பா?"

"இனிப்பா அடிக்குதுல்ல, நீ மோந்து பாரு" என்று இழையை என்னிடம் நீட்டினார். முகர்ந்தேன். அடித்தது. அவர் அதற்குள் துணியை மடிப்புக் கலையாமல் பழையபடி மடித்து, கடைப் பைக்குள் போட்டு, பில்லையும் தேடி எடுத்து வைத்துவிட்டார். "கடை பூட்ட இன்னும் நேரம் இருக்கு. குடுத்துட்டு அறுபதாம் நம்பர் பாப்ளின் கேளு. இழை உருவிப் பாத்துட்டு வாங்கு" என்றார்.